கருவிலே திருவா? கையிலே உழைப்பா?

(அனிமேஷன் படம் தயாரிக்கும் மாணவர்கள் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



உங்கள் படிப்பின் கடைசி வருஷத்துக்காக ஒரு சிறு அனிமேஷன் படம் எடுக்கப் போவதாகவும், அதற்கு வேண்டிய பாத்திரங்களின் உருவங்களையும், அவர்கள் நடமாடும் வீடு, தெரு, காடு, மலை முதலியவைகளையும் கம்ப்யூட்டரில் செய்து வருவதாகவும், அதைப் பற்றி நாம் ஏதாவது பேச வேண்டுமென்றும் கேட்டுக் கொண்டீர்கள். நாம் சித்திரக்காரர்களல்ல. கம்ப்யூட்டர் படிப்புப் படித்துப் பட்டம் வாங்கியவர்களுமல்ல. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு கையில் கிடைத்ததைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் கொஞ்சம் தெரிந்து கொண்டவர்களேயாவோம். ஆகையால் உங்களுக்குத் தொழில் கற்றுக் கொடுக்க நாம் வரவில்லை. இத்தொழிலில் இறங்குகிறவர்களில் பலர், "இதெல்லாம் பிறவியிலேயே வரவேண்டும், கருவிலே திருவுடையவனுக்குத்தான் கை வரும், நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை" என்பதாகப் பேசிக் கொள்ளுகிறார்களே, அந்தப் பேச்சுக்கு ஏதாவது ஆதாரமுண்டா என்று பார்ப்பதற்கே இந்த நேரத்தைப் பயன்படுத்திக் கொள்ள உத்தேசிக்கிறோம்.

இதற்கு நாம் புராணத்துக்குப் போக வேண்டிய அவசியமில்லை. இத்தொழில் முந்தாநாள் பிறந்த தொழில். அதைப் பெற்றவர்களில் சிலர் இன்றும் உயிரோடிருக்கிறார்கள். அவர்கள் செய்த வேலை எழுத்திலும் படத்திலும் இருக்கிறது. ஆகவே ஆகாயத்தைப் பார்க்காமல், நடந்ததைப் பார்த்தே பேசலாம்.

அமெரிக்காவில் யூட்டா என்று ஒரு மாகாணமிருக்கிறது. அதன் தலைநகரான சால்ட் லேக் நகரத்திலுள்ள சர்வகலாசாலையில், டேவிட் எவன்ஸ் என்பவர் கம்ப்யூட்டர் இலாகா ஒன்றை ஏற்படுத்தினார். 1968-இல் ஐவன் சதர்லண்டு என்பவரும் அங்கு வந்து சேர்ந்தார். ராணுவ இலாகாவின் ஆராய்ச்சிப் பணம் அங்கே தாராளமாகக் கிடைத்தது. (சண்டைக்காக ஒதுக்கப்பட்ட பணத்தில் இப்படியும் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறதென்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.) அங்கு எட்வின் கேட்மல் என்று ஒரு மாணவர் இருந்தார். இவர் சிறு வயதில் டிஸ்னியின் சித்திரப் படங்களைப் பார்த்து, தானும் அப்படிப் படம் வரைபவனாக வேண்டுமென்று ஆசைப்பட்டவர். ஆனால் அந்த வேலைக்குப் போதுமான அளவு தமக்கு வரையத் தெரியவில்லை என்று கண்டு, அந்த ஆசையை விட்டுவிட்டுப் பௌதிகமும் கம்ப்யூட்டரும் படிக்கப் போனார். தோழர்களே, இதைக் கவனிக்க வேண்டுகிறோம். கருவிலே திரு என்கிறார்களே, அது இல்லை என்று தாமே தீர்மானித்துக் கொண்டு விலகிப் போனவர் இவர்.

இவர் 1972-இல், மாணவராக இருக்கும்போதே, கம்ப்யூட்டரில் ஒரு கையைச் செய்து அசைய வைத்தார். எப்படிச் செய்தார்? தியானம் செய்தாரா? கனவில் யாராவது வந்து நாக்கில் எழுதினார்களா? தமது இடது கையைச் சுண்ணாம்புக் குழம்பு போன்ற பிளாஸ்டர் மாவில் தோய்த்து அச்செடுத்தார். கையில் வாசலின் தடவிக் கொள்ள மறந்து போனாராம். அச்சைக் கழற்றும்போது புறங்கையிலிருந்த மயிரெல்லாம் பிடுங்கிக் கொண்டு வந்ததாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அந்த அச்சிலே மறுபடியும் பிளாஸ்டரை ஊற்றி ஒரு வெள்ளைக் கை செய்து, அதன் மேல் கறுப்புக் கோட்டினால் சுமார் 350 சிறு முக்கோணங்களும் பலகோணங்களும் ஒன்றோடொன்று ஒட்டி வரும்படி வலை போல் வரைந்தார். பிறகு ஒவ்வொரு கோணத்தின் முனையும் நீளத்தில் எவ்வளவு, அகலத்தில் எவ்வளவு, உயரத்தில் எவ்வளவு என்று அளந்து, முனை ஒன்றுக்கு மூன்று எண்களாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார். அவ்வளவுதான் சங்கதி. கை என்பது எண்களாயிற்று. எண்களை மாற்றினால் விரல் மடங்கிற்று.

இன்றைக்கு நீங்கள் செய்கிற எந்த உருவமும் இதே விதத்தில்தான் செய்யப்படுகிறது. 350 கோணங்களுக்குப் பதிலாக மூன்றரை லட்சம் கோணங்கள் இருக்கலாம். அளப்பதற்குப் பதிலாகத் திரையிலேயே இழுத்து நீட்டலாம். ஆனால் அடியில் இருப்பது முனையும் கோடும் முகமும்தான்.

அக்காலத்து வசதியையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு முழுப் படத்தை நிலையாகக் காட்டும் திரைகூட அப்போது அவர்களிடம் இல்லை. புகைப்படக் கருவியின் கண்ணை நெடுநேரம் திறந்து வைத்திருந்து, திரையில் சிறுகச் சிறுக வருவதைச் சேர்த்துப் பிடித்துத்தான் முழு உருவமும் எப்படி வந்திருக்கிறதென்று பார்த்தார்கள். அந்தச் சில நிமிஷப் படத்துக்குத் தமக்கு அறுபதினாயிரம் நிமிஷத்துக்கு மேல் பிடித்ததென்று கேட்மல் கணக்குச் சொல்லியிருக்கிறார். அதாவது 1,000 மணி நேரம். அந்தக் கை 1976-இல் வெளிவந்த 'பியூச்சர்வேர்ல்டு' என்ற சினிமாவிலே காட்டப்பட்டது. 2011-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதைக் காப்பாற்றி வைக்க வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் பிறகு பிக்ஸார் கம்பெனியை ஏற்படுத்தினவர்களில் ஒருவரானார். முழுவதும் கம்ப்யூட்டரிலேயே செய்த முதல் நீளப் படமான 'டாய் ஸ்டோரி' 1995-இல் அங்கிருந்துதான் வந்தது. 2019-ஆம் வருஷத்திய டூரிங் பரிசும் இவருக்கும் இன்னொருவருக்குமாகக் கிடைத்தது. வரையத் தெரியாதென்று ஒதுங்கினவரின் கதை இது.

இனி முகத்துக்கு வருவோம். அதே சர்வகலாசாலையில், அதே 1972-இல், பிரெடரிக் பார்க் என்ற மாணவர் ஒரு பெண்ணின் முகத்தின் மேல் கோடுகள் வரைந்து, இரண்டு பக்கங்களிலிருந்து ஜோடி ஜோடியாகப் புகைப்படமெடுத்து, அந்தப் படங்களிலிருந்து ஒவ்வொரு முனையின் அளவையும் கணக்கிட்டார். சுமார் 250 பலகோணங்களும் 400 முனைகளும் இருந்தால் பார்ப்பதற்கு மனித முகமாகவே தெரியுமென்று எழுதினார். நம் மக்கள் தலையெழுத்து, தலையெழுத்து என்று எவனும் கண்ணால் பார்க்காத எழுத்தைச் சொல்லி அழுது கொண்டிருக்கிறார்கள். உலகத்திலே ஒரு முகத்தின் மேல் எழுதி, அதன்படி அந்த முகம் சிரிக்கவும் முறைக்கவும் செய்த எழுத்து என்றால் அது இந்த மாணவர் மையால் எழுதிய எழுத்துத்தான்.

அவர் இன்னொன்றும் செய்தார். சிரிப்பு முகம் ஒன்று, கோப முகம் ஒன்று என்று தனித்தனியே அளந்து கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் இடைப் படங்களைக் கம்ப்யூட்டரையே நிரப்பும்படி செய்தார். ஒரே வேகத்தில் மாற்றவில்லை. மெல்லத் தொடங்கி, நடுவில் விரைந்து, முடிவில் மெல்ல நிற்கும்படி திரிகோண கணிதத்திலே உள்ள கொசைன் என்ற கணக்கைப் பயன்படுத்தினார். மனிதனுடைய தசை அப்படித்தான் அசைகிறது. இதையும் அவர் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். உங்களில் முகம் செய்கிறவர்கள் கண்ணையும் வாயையும் சுற்றி வளையம் வளையமாகக் கோடுகளை ஓட்டுகிறீர்களே, அது ஏன்? உள்ளே உள்ள தசை வளையமாக இருக்கிறது. கோடு தசையின் வழியே போனால் முகம் மடங்கும். குறுக்கே போனால் கசங்கும். ஆகவே முகம் செய்ய விரும்புகிறவன் முதலில் வைத்தியப் படிப்பிலே உள்ள தசைப் படத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கண்ணாடியை வாங்கி மேஜையின் மேல் வைத்துக் கொண்டு தன் வாயை ஆயிரம் தரம் கோணிப் பார்க்க வேண்டும். இவைகளைச் செய்யாமல் கை போன போக்கில் செய்தால் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும். (குரங்காவது உயிரோடிருக்கும் ஒரு பிராணி. அதைப் பார்த்துச் செய்தால் நன்றாகவே வரும்.)

நிற்க, கோணங்களால் செய்த உருவம் கட்டை கட்டையாகத்தானே தெரியும் என்று கேட்கலாம். அப்படித்தான் தெரிந்தது. அதற்கும் ஒருவர் உட்கார்ந்து யோசித்தார். ஹென்றி கூரோ என்ற பிரஞ்சுக்காரர் 1971-இல், முனைகளில் மட்டும் வெளிச்சத்தைக் கணக்கிட்டு, நடுவிலே அதைப் படிப்படியாகக் கலந்து விட்டால் மேடு பள்ளம் தெரியாமல் வழவழப்பாகத் தோன்றும் என்று காட்டினார். அதில் பளபளப்புச் சரியாக வரவில்லை. வியட்நாமில் பிறந்த புய் துவாங் பாங் என்ற மாணவர் 1973-இல் அதைத் திருத்தினார். அவர் 1975-இலேயே, இளம் வயதிலேயே இறந்து போனார். இன்று உலகத்தில் எங்கே ஒரு மாணவன் ஒரு பந்தைச் செய்து அதன் மேல் வெள்ளைப் புள்ளி போல ஒளி மின்னும்படி செய்கிறானோ, அங்கெல்லாம் அவருடைய கணக்கு இருக்கிறது. மறு ஜன்மம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்லிக் கொள்ளலாம்.

இடங்களையும் சாமான்களையும் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1972-இல் சதர்லண்டு தம்முடைய மாணவர்களை ஒரு மோட்டார் வண்டியை அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றும்படி சொன்னார். அவருடைய மனைவியின் வோக்ஸ்வாகன் வண்டி அகப்பட்டது. மாணவர்கள் அதன் மேல் புள்ளியும் கோடும் போட்டு, அளவுகோலை வைத்துக் கொண்டு, வண்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்து அளந்தார்கள். அப்புகைப்படம் இன்றும் இருக்கிறது. தாசில்தார் வந்து நிலம் அளப்பது போலிருக்கும்.

1975-இல் மார்ட்டின் நியூவெல் என்ற ஆராய்ச்சியாளருக்கு ஏதாவது ஒரு சாமான் தேவைப்பட்டது. வளைவும் இருக்க வேண்டும், ஓட்டையுள்ள கைப்பிடியும் இருக்க வேண்டும், தன் மேலேயே தன் நிழல் விழவும் வேண்டும். என்ன செய்வதென்று யோசித்தபோது, அவருடைய மனைவி வீட்டிலிருக்கும் தேநீர்ப் பாத்திரத்தைச் செய்யலாமே என்றார். அவர் அதைப் பார்த்துக் கட்டம் போட்ட காகிதத்தில் வரைந்து, 28 வளைந்த தகடுகளாகப் பிரித்து எண்களாக்கினார். அவ்வளவு சாதாரணமான ஒரு கெண்டி, உலகத்திலுள்ள கம்ப்யூட்டர் சித்திரக்காரர்களெல்லாம் எடுத்தாளும் சாமானாயிற்று. அசல் பாத்திரம் இப்போது கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் சரித்திரக் காட்சிச்சாலையில் இருக்கிறது. அந்தக் கணக்கிலே ஒரு வேடிக்கை உண்டு. நியூவெல் செய்த கெண்டிக்கு அடிப்பாகமே கிடையாது. பிற்பாடு வந்தவர்கள்தான் சேர்த்தார்கள். தண்ணீர் ஊற்றினால் மேஜையெல்லாம் ஓடும். ஆனால் மேஜையின் மேல் வைத்த கெண்டியின் அடியை யார் பார்க்கப் போகிறார்கள்?

இதை நாம் வேடிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. மாணவர் படங்கள் பல பாதியில் நிற்பதற்கு இதுவே பெரிய காரணமென்பது நம் அபிப்பிராயம். ஒரு தெருவைச் செய்யத் தொடங்கி, காமிரா ஒரு நாளும் எட்டிப் பார்க்காத கொல்லைப்புறத்துக் கிணற்றுக்கு உருளையும் கயிறும் முறுக்கிக் கொண்டிருப்பார்கள். கதாபாத்திரத்தின் செருப்புக்கு ஒரு வாரம் செலவழித்து விட்டு, படத்திலே அவனை இடுப்புக்கு மேலேயே காட்டுவார்கள். முதலில் எல்லாவற்றையும் வெறும் பெட்டிகளாக வைத்து, காமிராவை நிறுத்தி, ஆள் எவ்வளவு உயரம், கதவு எவ்வளவு உயரம், அவன் கை திண்ணைக்கு எட்டுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பிறகு காமிரா காணுகிற பக்கத்தையும், பாத்திரம் கையால் தொடுகிற சாமானையும் மட்டும் முழுமையாகச் செய்தால் போதும். இருபுறமும் ஒரே மாதிரியானதைப் பாதி செய்து, மற்றப் பாதியைக் கண்ணாடியில் திருப்புவது போல் திருப்பிக் கொள்ளலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உழைப்பு வேண்டுமென்பது வேறு, வீண் உழைப்பு வேறு.

மலையும் காடும் மனிதனால் செய்யக் கூடியவையா என்று சிலருக்குச் சந்தேகம் வரும். கையையும் கெண்டியையும் அளக்கலாம். இமயமலையை யார் அளப்பது? போயிங் விமானக் கம்பெனியில் வேலை பார்த்த லாரன் கார்ப்பெண்டர் என்பவருக்கும் இந்தக் கஷ்டம் வந்தது. விமானப் படங்களுக்குப் பின்னால் மலை வேண்டும், ஆனால் மலையை முனை முனையாக அளந்து கொண்டிருக்க முடியாது. மாண்டல்பிராட் என்ற கணித சாஸ்திரி எழுதிய புத்தகத்தைப் படித்தார். மலையின் சிறு துண்டும் மலை போலவே கரடுமுரடாக இருக்கிறது என்பது அதிலுள்ள கருத்து. இவர் ஒரு பெரிய முக்கோணத்தை எடுத்தார். அதன் ஓரங்களின் நடுப் புள்ளிகளைக் குருட்டாம்போக்கில் கொஞ்சம் மேலேயோ கீழேயோ தள்ளினார். ஒன்று நான்கு முக்கோணமாயிற்று. நான்கையும் அப்படியே செய்தார், பிறகு பதினாறையும். சில தரங்களுக்குள் திரையிலே மலை நின்றது. 1980-இல் 'வால் லீப்ர' என்ற இரண்டு நிமிஷப் படமாக அதைக் கம்ப்யூட்டர் சித்திரக்காரர்கள் மகாநாட்டில் காட்டினார். கேட்மல் கூட்டத்தார் அவரை உடனே தங்களோடு சேர்த்துக் கொண்டார்கள்.

1982-இல் 'ஸ்டார் டிரெக்' வரிசையின் இரண்டாவது சினிமாவில், செத்துக் கிடக்கும் ஒரு கிரகம் நெருப்புப் பிடித்து, மலையும் கடலும் எழுந்து, பச்சைப் பசேலென்று உயிருள்ள உலகமாக மாறுவதாக ஒரு நிமிஷக் காட்சி வருகிறது. அந்த மலைகள் இவருடைய கணக்கால் செய்தவை. அக்காட்சிக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? பைபிளில் உலகத்தை ஆண்டவன் படைத்ததைச் சொல்லும் முதல் ஆகமத்தின் பெயர்! ஆண்டவனுக்கு ஆறு நாள் பிடித்ததாக எழுதியிருக்கிறது. இவர்களுக்கு மாதக்கணக்கில் பிடித்தது. ஆனால் இவர்கள் செய்ததை நாம் போட்டுப் பார்க்கலாம், எப்படிச் செய்தார்கள் என்று கேட்கலாம், கேட்டால் சொல்லுகிறார்கள்.

இனி, நம்மைப் பொறுத்த ஒரு முக்கியமான விஷயம். ஆராய்ச்சிக்காரர்கள் செய்தார்கள் என்பதற்காக அவர்கள் செய்ததெல்லாம் வேதமென்று கும்பிடக் கூடாது. ஒரு வேதத்தை விட்டு இன்னொரு வேதத்தைப் பிடித்துக் கொள்ளுவதற்காக நாம் பகுத்தறிவு பேசவில்லை. 2001-இல் ஹென்றிக் ஜென்சன் முதலிய நால்வர், வெளிச்சம் தோலின் மேலே பட்டுத் திரும்புவது மட்டுமல்ல, சிறிது உள்ளே புகுந்து, சிதறி, பக்கத்தில் வேறிடத்தில் வெளிவருகிறதென்பதைக் கணக்கிட வழி காட்டினார்கள். விரலுக்குப் பின்னால் டார்ச்சு விளக்கைப் பிடித்தால் சிவப்பாகத் தெரிகிறதல்லவா, அதுதான். நல்ல கண்டுபிடிப்பு. அதற்குப் பரிசும் கொடுத்தார்கள். ஆனால் தியோடர் கிம் என்ற யேல் சர்வகலாசாலை ஆசிரியர் 2020-இல் ஒரு கேள்வி போட்டார். இந்த உள்ளொளி வெள்ளைத் தோலில்தான் மிகுதியாகத் தெரிகிறது. கறுத்த தோலிலோ மேலே படும் ஒளியின் மினுமினுப்பே முக்கியமாயிருக்கிறது. அப்படியிருக்க, உள்ளொளியையே "மனிதத் தோலின் லட்சணம்" என்று எழுதி வைத்தால், யாரை மனிதன் என்று வைத்துக் கொண்டு எழுதினீர்கள்? மயிர் விஷயத்திலும், நேரான மயிரையே மயிரென்று வைத்துக் கணக்குச் செய்து, கெட்டியான சுருட்டை மயிரைக் கவனியாமல் விட்டார்கள் என்றார். கேள்வியோடு நிற்காமல் 2024-இல் அவரும் வேறு சிலரும் சேர்ந்து அந்தச் சுருட்டை மயிருக்கே கணக்குச் செய்தும் வெளியிட்டார்கள்.

இந்தக் கேள்வி நமக்கும் பொருந்துமா, பொருந்தாதா? நம் நாட்டிலே கறுப்பை இழிவென்றும் சிவப்பை அழகென்றும் பெண் பார்க்கப் போகிற இடம் முதல் சினிமாக் கொட்டகை வரையில் பழக்கி வைத்திருக்கிறார்கள். இந்தப் பழக்கத்தோடு, இண்டர்நெட்டிலே இலவசமாகக் கிடைக்கிற ஆயத்த உருவத்தையும் எடுத்து, மூக்கைக் கொஞ்சம் தட்டி, வேஷ்டியைக் கட்டிவிட்டால் அவன் உங்கள் ஊர்க்காரனாகி விடுவானா? உங்கள் கதையில் உழவன் வந்தால் அவனுடைய நிறமென்ன, வேர்வை நெற்றியில் எப்படி மின்னுகிறது, குதிகால் எப்படி வெடித்திருக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டாமா? டீக்கடை வந்தால் ஓர் அளவு நாடாவை எடுத்துக் கொண்டு டீக்கடைக்குப் போங்கள். பெஞ்சு எத்தனை அங்குலம், பாய்லருக்கும் ஆளுக்கும் எவ்வளவு தூரம், சுவரிலே புகை எதுவரை ஏறியிருக்கிறது என்று எழுதிக் கொள்ளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்தவர்களையும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

"யூட்டாவில் கோடிக்கணக்கில் பணமிருந்தது, எங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். அன்று ராணுவப் பணத்தால் மட்டுமே வாங்க முடிந்த யந்திரத்தைக் காட்டிலும் பன்மடங்கு வலிமை உங்கள் மேஜை மேலிருக்கிறது. கருவியும் இலவசம். ஹாலந்து தேசத்து டான் ரோசண்டால் என்பவருடைய கம்பெனி மூடிப் போனபோது, 'பிளெண்டர்' என்ற அந்தக் கருவியை மீட்பதற்காக 2002-இல் ஊர் உலகமெல்லாம் சேர்ந்து, ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ வசூலித்துக் கொடுத்து, எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். கோயிலுக்குக் கும்பாபிஷேக வசூல் செய்கிறவர்கள் இந்த வசூலைப் பற்றியும் தெரிந்து கொண்டால் நல்லது. லாட்வியா என்னும் சிறு தேசத்தைச் சேர்ந்த கின்ட்ஸ் சில்பலோடிஸ் என்ற இளைஞர் 2019-இல் 'அவே' என்ற முழு நீளப் படத்தைத் தனியொரு ஆளாகவே செய்து முடித்தார். பிறகு ஒரு சிறு கூட்டத்தோடு சேர்ந்து, பிளெண்டரிலேயே, ஒரு பூனையும் சில பிராணிகளும் வெள்ளத்தில் படகேறிப் போவதாகப் பேச்சே இல்லாமல் 'ஃப்ளோ' என்ற படம் 2024-இல் செய்தார். 2025 மார்ச்சில் அதற்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. அந்தப் பூனையின் மயிரை ஒவ்வொரு இழையாகச் செய்யவில்லை. வர்ணம் தீற்றியது போலத்தான் இருக்கும். ஆனால் அது நடப்பதும், பதுங்குவதும், தண்ணீரைக் கண்டு பின்வாங்குவதும் பூனையாகவே இருக்கிறது. பூனையைப் பார்த்தவர்கள் செய்த பூனை அது.

இப்போது உங்களுடைய வேலையைத் திரையில் போட்டுக் காட்டுவதாகச் சொன்னார்கள். அரை குறையாக இருக்கிறதென்று கூச்சப்படாமல் எல்லோரும் காட்ட வேண்டும். கோடு கோடாக, வலை தெரியும்படியே காட்டினால் நமக்கும் நன்றாக விளங்கும். நம் பேச்சில் சந்தேகமோ மறுப்போ இருந்தாலும் அப்போதே எழுந்து கேட்கும்படி வேண்டிக் கொண்டு, இவ்வளவோடு முடித்துக் கொள்ளுகிறோம்.